அரைக் கட்டை இறங்கிய பியானோ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீனா தன் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் பியானோ வாசித்த ஓட்டலில் இப்போது வாசிப்பவள் அவள்தான். ஜாஸ் வாசிக்கிற கூட்டம் இந்த ஊரில் சின்னது. அதனால் வயது வித்தியாசம் பார்க்காமல் ஒருவர் வாசிப்பை ஒருவர் குறை சொல்லிக்கொள்வோம். அன்று அவள் குறை சொல்ல வரவில்லை. புதிதாக வாங்கிய கீபோர்டைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ள வந்திருந்தாள்.

"இந்தப் பொத்தானைப் பாருங்க அங்கிள். பாடறவங்களுக்குத் தொண்டை சரியில்லேன்னா இதை அழுத்தினா போதும். நம்ம விரல் அதே இடத்துல இருக்கும், சுருதி மட்டும் அரைக் கட்டை இறங்கிடும்."

நான் சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது வேறு விதமான தண்ணீராக மாறிவிட்டது. அவள் பயந்துபோய்ச் சமையலறைக்கு ஓடிச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். எங்கள் ஊரில் அந்தப் பொத்தானைப் பூமியே அழுத்தியது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அவள் என்னிடம் பல தடவை கேட்ட கேள்வி ஒன்று உண்டு. நான் வாசிக்கும்போது விரல் முதலில் கறுப்புக் கட்டையில் விழுந்து, அங்கிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கி இறங்கும். என்னை அடையாளம் காட்டுவதே அந்த வழுக்கல்தான் என்பார்கள். "அதை யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்பாள். "கை நடுக்கம்மா" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். எண்பது தாண்டியாயிற்று. இனி தப்பித்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில். வேலைக்காரர்களுக்கு மைன்ஸ் கொடுத்த, சுவருக்குச் சுவர் ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள். நைனா, அதாவது அப்பா, சுரங்கத்துக்குள்ளே பாறையில் துளை போடுகிற வேலை பார்த்தார். தாத்தாவும் அதே வேலைதான். வட ஆற்காட்டிலிருந்து வந்து, மிஷன் சர்ச்சில் சேர்ந்து, மைன்ஸை நம்பிப் பிழைத்த குடும்பம். நான் மூத்தவன், தானியேல். எனக்கு ஒன்றரை வயது இளையவன் தம்பி சாமுவேல். வீட்டில் சாமு.

சாமுவுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஷிப்டு மாறும்போது சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொரு ஷாஃப்டிலும் சங்கு ஊதும் இல்லையா, அதைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு மைசூர் மைன்ஸ் சங்குக்கு மூச்சு பத்தலே, நேத்தைவிடக் கீழே ஊதுது" என்பான். நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "தோ பாரு, சங்குக்கே வைத்தியம் பாக்கறான்" என்பார். எல்லோரும் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரிப்பேன்.

மைன்ஸ் மைசூர் அரசாங்கத்தின் கைக்கு வந்த வருஷம் எனக்குப் பதின்மூன்று வயது. துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச் பாடகர் குழுவைத் துரைமாரின் கிளப்பான இன்ஸ்டிட்யூட் ஹாலில் பாட அழைத்திருந்தார்கள். அதுவரைக்கும் நாங்கள் அந்த ஹாலை வெளிச்சுவர் மேல் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மெழுகு தேய்த்த மரத்தரை, உயரத்தில் விசிறி, மூலையில் ஒரு பியானோ. பாட்டு முடிந்து கேக் கொடுக்கிற நேரத்தில் நான் கேக்கை விட்டுவிட்டுப் பியானோவிடம் போனேன். ஒற்றை விரலால், நாங்கள் பாடிய பாட்டைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பெப்பர்மிண்ட் வாசனை வந்தது.

"இன்னா மேன், யாரு சொல்லிக் குடுத்தா?"

டைம் ஆபீசில் வேலை பார்த்த மிஸ்டர் டெரிக். ஆங்கிலோ இந்தியர். சனிக்கிழமைதோறும் அந்த ஹாலில் நடந்த டான்சுக்கு வாசித்த பேண்டின் தலைவர். சாக்ஸபோன் ஊதுவார்.

"யாரும் இல்ல சார்."

"குட். அப்போ நீ மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல."

அவருடைய பியானோக்காரர் அப்போதுதான் லண்டனுக்குக் கப்பல் ஏறியிருந்தார். அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் கேட்டது, அடுத்த இரண்டு வருஷம் தப்புத்தப்பாக வாசித்தது, பிறகு சனிக்கிழமைகளில் மேடையில் உட்கார்ந்தது. பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. டெரிக் சாரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு வார்த்தை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு வாசித்தால் வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்து, கர்சீப்பால் அதன் வாயைத் துடைப்பார். திட்டு அதுதான். ஒரே பாட்டில் மூன்று தடவை துடைத்தால் அந்தப் பாட்டு அடுத்த மூன்று வாரத்துக்குக் கிடையாது. நன்றாக வாசித்தால் கோட்டுப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் எடுத்துப் பியானோ மேல் வைப்பார், என்னைப் பார்க்காமல். ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்தவற்றால் ஒரு டப்பாகூட நிறையாது.

அந்தப் பியானோவுக்கு ஒரு வியாதி இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரின் வியாதியைச் சொல்ல வேண்டும். தங்கத்தைத் தோண்டத் தோண்ட உள்ளே பாறைக்குத் தாங்க முடியாமல் எங்கேயாவது வெடித்து நொறுங்கும். அதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே ஊரே ஆடும். அலமாரியிலிருந்து பாத்திரம் உருளும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் பியானோவுக்கு உள்ளே கம்பியைப் பிடித்திருக்கிற ஆணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. சுருதி சேர்க்க மெட்ராஸிலிருந்து வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாராம். இழுத்துப் பிடித்தால் கம்பி அறும், இந்த ஊர் மண்ணுக்கு இது இவ்வளவுதான் தாங்கும் என்று சொல்லி, எல்லாக் கம்பியையும் ஒரே அளவாக அரைக் கட்டை இறக்கிச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். நான் வருவதற்கு முன்னால் நடந்த கதை இது.

சாக்ஸபோனையும் டிரம்பெட்டையும் அப்படி இறக்க முடியாது. அதனால் டெரிக் சார் ஒரு வேலை செய்தார். தபால் தலைத் தாளின் ஓரத்தில் வருமே, பசை தடவிய வெள்ளை நறுக்கு, அதைக் கத்திரித்து ஒவ்வொரு கட்டையின் மேலும் ஒட்டி, ஏ, பி, சி என்று இங்கிலீஷ் எழுத்தில் சுரத்தின் பேர் எழுதினார். எந்தக் கட்டையைத் தொட்டால் அவருடைய சாக்ஸபோனின் எஃப் கேட்கிறதோ அதன் மேல் எஃப். உண்மையில் அது எஃப்புக்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டை. அப்படியே வரிசையாக எல்லாப் பேரும் ஒரு வீடு தள்ளிக் குடியேறின. எனக்கு யார் சொல்வார்கள்? பியானோ என்றால் அது ஒன்றுதான். எனக்குப் பேர் தெரிந்தது அந்தச் சீட்டுகளில்தான். என் விரலுக்குக் கறுப்புக் கட்டைதான் சொந்த வீடு, வெள்ளை வெளியூர்.

ஏர் பிளாஸ்ட் வந்த மறுநாள் டெரிக் சாரும் நானும் பியானோவைப் பரிசோதிப்போம். அது ஒரு பூசை போல நடக்கும். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார். நான் கீழ்க்கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்துவேன். ஊமையாகிவிட்ட கட்டை வந்தால் "நெக்ஸ்ட்" என்று சொல்லிச் சாக்பீஸால் அதன் நெற்றியில் புள்ளி வைப்பார். ரிப்பேர் ஆகும்வரை புள்ளி வைத்த கட்டைகள் செத்தவை. அவற்றைச் சுற்றிப் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை ஐந்து கட்டைகள் செத்திருந்தன. "டேனி, குழி இருக்கற ரோட்ல சைக்கிள் விட்டிருக்கியா?" என்றார். "விட்டிருக்கேன் சார்." "அதே தான் மேன்." என் கை இன்றைக்கும் நேராகப் போகாது, வளைந்துதான் போகும். அதைப் பாணி என்று எழுதினவர்கள் இருக்கிறார்கள்.

டான்ஸ் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து மரத்தரையில் விழும். தூரத்தில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள் அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரியும். ஜோடி ஜோடியாகச் சுற்றுகிறவர்களின் நிழல் சுவரில் சுற்றும். மெதுவான மெட்டு வாசிக்கிறபோது எனக்கு ஒன்று தோன்றும். ஹாலே சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டாகி, கயிற்றில் தொங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் கீழே இறங்குகிறது. லெவல் லெவலாகத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு லெவலிலும் விளக்கை நெற்றியில் மாட்டிய மனிதர்கள் நின்று, எங்கள் டான்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் நைனா. பாட்டு முடிந்து கை தட்டினால்தான் ஹால் மேலே வரும். ஒரு மத்தியானம் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது என் சொந்த மெட்டு ஒன்று வந்தது. பேர் வைக்கவில்லை. வெளிச்சுவர் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சாமுதான் அதைப் பங்காருபேட்டை வண்டி என்பான். எங்கள் ஊர் ரயில் மாதிரி மெள்ளக் கிளம்பி மெள்ளப் போய்ச் சேருதாம்.

அந்தச் சுவர் அவன் இடம். உள்ளே வா என்றால் வரமாட்டான், காலில் செருப்பு இல்லை என்பான். ஒரு நாள் வீட்டுக்கு நடக்கும்போது சொன்னான்: "சர்ச் ஆர்மோனியத்துக்கும் உன் பியானோவுக்கும் சண்டை ணா. ரெண்டும் ஒரே பேச்சு பேசல." ஆர்மோனியத்தை அதை வாசிக்கிற டீச்சரம்மாவைத் தவிர யாரும் தொட முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வழியில்லை. "நீ சங்குக்கு வைத்தியம் பாக்கறதோட நிறுத்திக்கோ" என்றேன்.

எனக்குப் பத்தொன்பது முடிந்த வருஷம் நைனாவுக்கு டாக்டர் அன்ஃபிட் எழுதிவிட்டார். பாறைத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. பத்து அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அன்ஃபிட் ஆனவரின் இடத்துக்கு ஒரு மகனை எடுப்பார்கள். ஒரு மகன்தான். அவன் சேர்ந்தால் லைன் வீடு தங்கும். யாரும் சேராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆபீசிலிருந்து விண்ணப்பப் பாரம் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். மூத்தவன் நான். பேச்சே இல்லாமல் என் பேர்தான்.

அம்மா மட்டும் பேசினாள். "என் மாமனாரு இருமி இருமிப் போனாரு. உங்க நைனா இப்படிக் கீறாரு. உன்னையும் உள்ள அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? அந்த சட்டைக்காரர் கிட்ட கேளுடா, வேற எங்கனா வேலை கீதான்னு." ஆங்கிலோ இந்தியரை எங்கள் ஊரில் சட்டைக்காரர் என்பார்கள், அம்மா சொன்னது டெரிக் சாரை. நான் கேட்டேன். அவர் பெங்களூரில் ஓர் ஓட்டல் பேண்டுக்குத் தலைவராக இருந்த தன் சிநேகிதர் லூயிஸுக்குக் கடிதம் எழுதினார். சனிக்கிழமை காலை வந்து வாசித்துக் காட்டச் சொல்லிப் பதில் வந்தது. சனிக்கிழமை அங்கே, திங்கட்கிழமை இங்கே. நடுவில் ஒரு ஞாயிறு.

சனிக்கிழமை விடிந்ததும் சாமு என்னோடு கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வந்தான். டெரிக் சாரின் பழைய கோட்டு எனக்கு. பனி இறங்கியிருந்தது, தண்டவாளம் பாதிக்கு மேல் தெரியவில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னலோடு நடந்துகொண்டே சொன்னான்: "அங்க பியானோ வேறயா இருக்கும் ணா. உக்கார்றதுக்கு முன்னால தொட்டுக் கேட்டுக்கோ." நான் கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். சரி சரி என்று தலையாட்டினேன். கேட்கவில்லை.

ஓட்டல் ஹாலில் நாற்காலிகளை மேஜைகள் மேல் கவிழ்த்து வைத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பியானோ எங்கள் ஊர்ப் பியானோவைவிட மூன்று பங்கு நீளம். கட்டைகள் மேல் சீட்டு ஏதும் இல்லை. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, என் கைக்குத்தான் இடம் தெரியுமே. லூயிஸ் குட்டையான மனிதர், கோவாக்காரர். டிரம்பெட்டை எடுத்தார். ஜாஸ் வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு சின்ன ப்ளூஸ் மெட்டு. "எஃப்" என்று தொடங்குகிற சுரத்தைச் சொன்னார். காலால் தட்டி எண்ணினார்.

நான் என் எஃப்பில் இறங்கினேன்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. ஒரே கதவில் இரண்டு பேர் நுழையப் பார்த்து இடித்துக்கொண்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். லூயிஸ் கையைத் தூக்கி நிறுத்தினார். "எஃப் சொன்னேன்." மறுபடி எண்ணினார். மறுபடி அதே இடி. டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். மூன்றாவது தடவை லூயிஸ் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "கோலார்ல எஃப் வேற ஜாதியா?" தரை துடைத்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

அப்போதுதான் புரிந்தது. மொத்தமும், ஒரே நொடியில். மெட்ராஸ்காரர், தளர்ந்த ஆணி, ஒரு வீடு தள்ளிக் குடியேறிய பேர்கள், சாமு சொன்ன ஆர்மோனியச் சண்டை. ஆறு வருஷமாக நான் கற்றது எல்லாம் அரைக் கட்டை தள்ளி இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. நான் அப்போது எழுந்து, மன்னிக்க வேண்டும் சார் என்று சொல்லிவிட்டு மத்தியான வண்டியைப் பிடித்திருக்கலாம். திங்கட்கிழமை என் பேரை எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டு மகன்களில் ஒருவன் உள்ளே போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் இங்கே ஜெயித்தால் அந்த ஒருவன் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் சாமுவை நினைக்கவில்லை. நினைத்தும் தள்ளினேன் என்றால்கூட ஒரு மாதிரி பரவாயில்லை. நினைக்கவே இல்லை. அந்தப் பியானோவை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"சார், ஒரே ஒரு தடவை. பேர் சொல்லாதீங்க. நீங்க ஊதிட்டே போங்க, நான் வந்து சேர்றேன்."

லூயிஸ் என்னைப் பார்த்தார். தோளைக் குலுக்கினார். ஊதினார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்கிற இடத்தைக் காதால் தேடினேன். காது வெள்ளைக் கட்டை என்றது. விரல் பழக்கத்தில் கறுப்புக்கே போனது. போனதை இழுத்து வெள்ளையில் விட்டேன். ஒவ்வொரு தடவையும் தப்பான வீட்டுப் படியில் கால் வைத்து, சரியான வீட்டுக்கு வழுக்கினேன். நாலு வரி தாண்டியதும் டிரம்ஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னோடு வர ஆரம்பித்தார். முடிந்ததும் லூயிஸ் டிரம்பெட்டைக் கீழே இறக்கினார்.

"அந்த வழுக்கறது, அது எங்க புடிச்சே?"

"எங்க ஊர்ல சார்."

"ஒண்ணாந் தேதி வந்துடு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நைனா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "ஒருத்தன்... தப்பிச்சான்." அந்த ஒருத்தன் என்ற வார்த்தை கீழே விழுந்தபோதுதான் எல்லோரும் சாமுவைப் பார்த்தோம். பெங்களூரில் எல்லோரும் சேர்ந்து இருக்கலாம் என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். படியேற முடியாத நைனாவை எங்கே வைப்பது, என் ஒரு ஆள் சம்பளத்தில் யார் வாடகைக்கு விடுவார்கள் என்று அம்மா கேட்டாள். சாமு அலமாரியிலிருந்து பாரத்தை எடுத்தான். "இன்னா இப்போ, பேரைத் தானே மாத்தணும்? இன்னும் எழுதவே இல்லையே" என்று சொல்லி, என் பேனாவை வாங்கி, தன் பேரை எழுதினான். வேண்டாம்டா என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக ஞாபகப்படுத்திக்கொள்ள எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன், வரவில்லை.

டெரிக் சாரிடம் விடைபெறப் போய், எஃப் விஷயத்தைச் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கர்சீப்பை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாமல், கையில் வைத்துக்கொண்டே நின்றார். "சாரி மேன். நீ இங்கிருந்து போவேன்னு நான் நினைக்கவே இல்ல." ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார், அந்தத் தடவை என் கையில். கொஞ்ச வருஷத்தில் அவரும் மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார்.

பெங்களூர் வருஷங்கள் கனவில் போவதுபோலப் போயின. கண்ணாடி விளக்கு, வெள்ளை மேஜை விரிப்பு, யார் யாரோ சிரிக்கிற சத்தம். லூயிஸோடு பம்பாய் போனேன், கல்கத்தா போனேன். என் வழுக்கலைப் பற்றிய பேச்சு எனக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. கையைப் புது வீடுகளுக்குப் பழக்க இரண்டு வருஷம் ஆயிற்று. பழகிவிட்ட பிறகும் லூயிஸ் அதை விடவிடவில்லை. தப்பாகத் தொடங்கியதை வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தேன்.

சாமுவைப் பற்றி ஊர் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சொல்வார்கள். உள்ளே வெடி வைத்த பிறகு, ஆள் நுழைவதற்கு முன், தலைக்கு மேலே உள்ள கல்லை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் கெட்டி. டொப் என்றால் உள்ளே பிளவு, விழும். எல்லோருக்கும் அது தெரியும். கணீருக்கும் டொப்புக்கும் நடுவில் இருக்கிற சத்தங்கள் சாமுவுக்குத் தெரியுமாம். ஒரு நாள் மற்றவர்கள் கெட்டி என்று சொன்ன இடத்தில் இவன் மட்டும் இன்னொரு தடவை தட்டிவிட்டு, எல்லாரும் வெளியே வாங்க என்றானாம். வந்து பீடி பற்றவைப்பதற்குள் வண்டியளவு கல் விழுந்ததாம். அதற்கப்புறம் அவன் ஷிப்டில் போக ஆட்கள் போட்டி போட்டார்கள். நான் கேட்டால், "கல்லு பேசுது ணா, அவ்ளோ தான்" என்பான். பெருமையாக இருக்கும். என் மனசை லேசாக்கிக்கொள்ளவும் அது உதவியது. பாரேன், அவனுக்கும் அங்கே ஒரு பேர் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ். நைனா போய் வெகு காலம் ஆகியிருந்தது. சாமுவுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நின்றுபோய், ஹாலை ஏதோ கூட்டங்களுக்கு விட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் அந்தப் பக்கம் நடந்தோம். அவனுக்காக மூன்று இடத்தில் நின்றோம். பியானோ அதே மூலையில் இருந்தது, மேலே டீ கிளாஸ் வட்டங்கள். சீட்டுகள் எல்லாம் உதிர்ந்திருந்தன. சாமு முதல் தடவையாக உள்ளே வந்தான். செருப்பு போட்டிருந்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பங்காருபேட்டை வண்டி வாசி ணா."

வாசித்தேன். பதின்மூன்று வருஷம் நல்ல பியானோக்களில் பழகிய கை, சரியான எஃப்பில் போய் உட்கார்ந்தது. வெயில் அதே ஜன்னல் வழியாக அதே இடத்தில் விழுந்தது. நாலு கட்டைகள் செத்திருந்தன, சுற்றிப் போனேன். சாமு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கையைத் தூக்கினான்.

"இது இல்லியே ணா. தாழ்ந்து கீதே."

"பழைய பியானோடா. இத்தனை வருஷத்துல இன்னும் இறங்கியிருக்கும்."

"இல்ல ணா. பியானோ அன்னைக்கு இருந்த இடத்துலயே தான் கீது. நீ தான் மாத்தி வெக்கறே. இதுக்குப் பக்கத்துக் கட்டை. மேல."

நான் கையை எடுத்து, பழைய கறுப்புக் கட்டையில் வைத்தேன். சீட்டு இருந்த இடத்தில் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் சுரத்தை அழுத்தினேன்.

"ஆங். இதான்."

பதின்மூன்று வருஷம் கழித்து, எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல், அவன் அந்தச் சுரத்தைத் தலைக்குள் அப்படியே வைத்திருந்தான். எனக்கு அது முடியாது. லூயிஸுக்கு முடியாது. நான் வாசித்த ஊர்களில் அப்படிப்பட்ட காது உள்ளவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சங்குக்கு மூச்சு பற்றவில்லை என்றானே, சிரித்தோமே. ஆர்மோனியச் சண்டை என்றானே. தொட்டுக் கேட்டுக்கோ என்று ஜன்னலோடு நடந்தானே. எங்கள் வீட்டில் இரண்டு பேரில் சங்கீதம் யாருக்கு இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காதைத்தான் நாங்கள் கல் தட்ட உள்ளே அனுப்பினோம். என் கை கட்டை மேல் அப்படியே நின்றுவிட்டது.

"ஏண்டா, உனக்கு இப்படிக் கேக்கும்னு ஒரு தடவைகூட சொல்லலே?"

"இன்னா ணா நீ. எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு இல்ல நெனச்சேன்."

அவன் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. நான்தான் அழுதேன். முப்பத்திரண்டு வயது ஆள், மேடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலி ஹாலில் தேம்பித் தேம்பி அழுதேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. சாமு எழுந்து, பியானோவின் பக்கப் பலகைமேல் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினான். காதைச் சாய்த்தான். கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு.

"நல்ல சத்தம் ணா. உள்ள பிளவு இல்ல, விழாது. நீ வாசி."

நான் வாசித்தேன். அவன் சொன்ன கட்டையில்.